சிவப்புச் சேலையும் செம்புறாங்கல் நரியும்

சென்ற பங்குனியில் நான் ஒரு வெளிநாடு போய்விட்டு வந்தேன். கப்பல் ஏறவில்லை. திருச்சிராப்பள்ளியில் காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறினால், அந்தக் காப்பி ஜீரணமாவதற்குள் சாலையோரம் ஒரு எல்லைக் கல் வரும். கல்லுக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் சர்க்கார். அந்தப் பக்கம் புதுக்கோட்டை சமஸ்தானம். கல்லைத் தாண்டியதும் ஏதாவது மாறும் என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே பொட்டல், அதே வெயில், அதே ஆடு. பக்கத்தில் இருந்தவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். "இனிமே நம்ம ஊரு" என்றார்.

நான் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் என் பழைய சிநேகிதர். வெள்ளைக்காரப் பத்திரிகை ஒன்றில் சிங்கமும் குட்டியும், கரடியும் குட்டியும் என்று பக்கம் பக்கமாகப் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, "நம் காட்டில் தாய் இல்லையா, குட்டி இல்லையா?" என்று எனக்குக் கடிதம் எழுதினார். ஆண்டு மலரில் வழவழப்பான தாளில் நான்கு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும், வனவிலங்குகளைப் படமெடுத்த அனுபவம் உண்டா என்றும் கேட்டிருந்தார். உண்டு என்று பதில் எழுதினேன். ஒரு ஜமீன்தார் வீட்டில் பஞ்சு அடைத்த புலியை எடுத்திருக்கிறேன். அதற்கு ஒரு கண் இல்லை.

என் தொழில் ஸ்டூடியோ. கல்யாண ஜோடி, காது குத்திய பிள்ளை, உத்தியோக உயர்வு பெற்ற குமாஸ்தா, நாற்காலியில் சாத்தி உட்காரவைத்த பிரேதம். இருபது வருஷமாக லென்ஸ் மூடியைக் கழற்றும்போதெல்லாம், "அசையாதீங்க, இங்கே பாருங்க, ரெடி, ஒண்ணு, ரெண்டு" என்று உரக்கச் சொல்லிச் சொல்லி, கைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கயிறு கட்டினாற்போல் ஆகிவிட்டது. கை மூடியை எடுத்தால் வாய் திறந்துகொள்ளும். ஒருமுறை பிரேதத்தைப் பார்த்து "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, அதன் மருமகன் கையால் அடி வாங்கப் பார்த்தேன். இந்தப் பழக்கம் காட்டில் என்ன செய்யும் என்று புறப்படும்போது யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யுத்தம் வந்ததிலிருந்து புகைப்படத் தகடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கண்ணாடித் தகடு கப்பலில் வரவேண்டும். கப்பலுக்கு வேறு வேலை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கியது ஆறு. அவற்றை மூன்று மரச் சட்டங்களில் பூட்டி எடுத்துப் போனேன். எங்கள் தொழிலில் அந்தச் சட்டத்துக்கு ஸ்லைடு என்று பெயர். ஒரு ஸ்லைடில் முன்பக்கம் ஒரு தகடு, பின்பக்கம் ஒரு தகடு. படமெடுத்ததும் அந்தப் பக்கத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்து இருட்டறையில் கழுவுகிற வரைக்கும் அந்தக் கோடுதான் சாட்சி.

முதல் நாளே ஒரு தகடு போயிற்று. கீரனூரைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் பஸ்ஸின் மூக்கில் ஆவி பறந்தது. டிரைவர் டப்பாவோடு தண்ணீருக்குப் போனார். எல்லோரும் இறங்கினோம். மேலே புளியங்கிளையில் ஒரு தாய்க்குரங்கு. மடியில் பிறந்து பத்து நாள் ஆன குட்டி, பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே வந்து மூடியைக் கழற்றினேன். குரங்கு என்னை நேராகப் பார்த்தது. என் வாய் திறந்தது.

"அசையாதீங்க, இங்கே பாருங்க."

கிளை மட்டும் படத்தில் விழுந்தது. கண்டக்டர் பல்குத்திக்கொண்டே சொன்னார்: "அதும்பாட்டுக்குச் சும்மா இருந்துச்சு. அதுகிட்டப் போயி உத்தரவு போட்டா கேக்குமா? அது என்ன டிக்கெட் வாங்குன சாதியா?"

புதுக்கோட்டையில் கடைத்தெருவில் இட்லி சாப்பிட்டேன். மீதிச் சில்லறையில் ஒரு சின்னச் செப்புக்காசு வந்தது. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் எழுத்து. சமஸ்தானத்துக்குச் சொந்தமான அம்மன் காசு. வெளிநாட்டு ஞாபகமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு வழிகாட்டியவர் ஆவூர் வாத்தியார் ஒருவர். ஸ்டூடியோவுக்குப் படமெடுக்க வந்தவர், தாம் முன்பு வேலை பார்த்த வல்லத்திராக்கோட்டையில் கருப்பையா என்று ஒரு விவசாயி இருப்பதாகவும், எந்தப் பொந்தில் எது குட்டி போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்றும் சொல்லி, கடிதம் கொடுத்திருந்தார். அந்தப் பக்கம் போகிற வண்டி ஒன்று சந்தையில் கிடைத்தது. கட்டுமாவடியிலிருந்து கருவாடு ஏற்றிவந்து விற்றுவிட்டுத் திரும்பும் மாட்டுவண்டி. கருவாடு இறங்கிவிட்டது, வாசனை இறங்கவில்லை. கேமராவின் கறுப்புத் துணியை மடித்துச் சாக்கின்மேல் போட்டேன். மடியில் ஸ்லைடு பெட்டி.

ஓர் ஓடைப் பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கியது. வண்டி கவிழப்போகிறது என்று முடிவுசெய்து நான் குதித்துவிட்டேன். பெட்டியும் என்னோடு குதித்தது. நான் மண்ணிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது வண்டி மறுகரையில் நின்றுகொண்டிருந்தது.

"வண்டிதான் கவுரலையே," என்றார் வண்டிக்காரர். "நீங்க எதுக்குய்யா கவுந்தீக?"

பெட்டியை ஆட்டினேன். ஒரு தகடு சலசலத்தது. ஆறில் இரண்டு போய் நான்கு.

கருப்பையாவுக்கு முப்பது வயதிருக்கும். ஆவூர் வாத்தியாரின் கடிதத்தை உள்ளே கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தங்கை பெயர் செல்லாயி. மூன்றாம் வகுப்பு வரை அதே வாத்தியாரிடம் படித்தவள். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தவள், ஐந்தாம் மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடிதத்தை எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

"நரி, கீரி, மானு, எதுவானாலும் தாயும் குட்டியுமா வேணுமாம்ண்ணே. போட்டாப் புடிச்சுப் பொஸ்தகத்துல போடுவாகளாம்."

"நரிக்குப் பொஸ்தகம் எதுக்கு?" என்றார் கருப்பையா. பிறகு என்னைப் பார்த்து, "வாங்க, கை கழுவிட்டு உக்காருங்க. நரி எங்கிட்டும் போயிறாது" என்றார்.

வாழையிலையில் சோறும், கருவாட்டுக் குழம்பும், மாங்காய்த் துண்டும் வந்தன. எங்கள் வீட்டில் கருவாடு வாசலைத் தாண்டாது. இங்கே நான் மூன்றாம் முறை சோறு கேட்டேன். அந்தச் சமயம் பார்த்துச் செல்லாயி பேசினாள்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு தகடு செலவு வைக்கலாமா?"

அவள் புருஷன் வீரையா பினாங்கில் ஓர் அரிசிக் கடையில் இருக்கிறான். அவள் மூன்று மாதக் கர்ப்பமாக இருக்கும்போது கப்பலேறியவன். பிள்ளை பிறந்த செய்தி போனதிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பது ஒன்றுதான்: பையன் எப்படி இருக்கிறான், யார் சாயல், ஒரு போட்டோ அனுப்பு. ஊருக்கு வருவதைப் பற்றி மட்டும், அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று எழுதுகிறான். குலதெய்வத்துக்கு முடி இறக்குகிற வரைக்கும் பிள்ளையை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோவதில்லை என்பது அவர்கள் வழக்கம். ஆகையால் புதுக்கோட்டை ஸ்டூடியோவுக்கும் போக முடியாது.

"சண்டை முத்துனா கப்பலு நின்னு போகுமாம்ல," என்றாள். "அதுக்கு முந்தி அவுக ஒருக்கா மொகத்தையாச்சும் பாத்துக்கிறட்டும்."

வாய் நிறையச் சோறு. தலையை ஆட்டினேன்.

மறுநாள் ஒரு கீரிக் குடும்பம் வேலியோரம் வரிசையாகப் போயிற்று. "ரெடி" என்றேன். வேலி மட்டும் நின்றது. மூன்று தகடு.

அதற்கு மறுநாள் விடியற்காலையில் கருப்பையா என்னை நரியிடம் கூட்டிப் போனார். முந்திரிக் காட்டுக்குப் பின்னால் பழைய செம்புறாங்கல் குழி ஒன்று இருக்கிறது. வீடு கட்டக் கல் வெட்டி எடுத்த பள்ளம். சுவர் முழுக்க ரத்தச் சிவப்பு. எதிர்ச்சுவரின் அடியில் ஒரு பொந்து. நாங்கள் காற்றுக்கு எதிரே ஒரு புதரில் உட்கார்ந்தோம். வெயில் குழிக்குள் இறங்கியதும் அந்தத் தாய் வெளியே வந்தது. பின்னாலேயே மூன்று குட்டிகள், ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு. தாய் ஒருக்களித்துப் படுத்தது. மூன்றும் மடியில் முட்டின.

"நரி மொகத்துல முழிச்சிருக்கீக," என்று கருப்பையா காதருகில் சொன்னார். "இன்னைக்கி ஒங்களுக்கு யோகந்தான்."

என் யோகம் என் வாயில் இருந்தது. மூடியைக் கழற்றினேன். "அசையாதீங்கம்மா" என்று சொன்னேன். 'அம்மா' என்று மரியாதை கொடுத்தும் பயனில்லை. நான்கும் பொந்துக்குள் மறைந்தன.

வீடு வந்ததும் கருப்பையா தங்கையிடம் சொன்னார்: "இவுக போட்டாப் புடிக்க வந்தாகளா, கிடாயி ஓட்ட வந்தாகளான்னு தெரியல."

"இன்னும் எத்தனை தகடுண்ணே இருக்கு?" என்றாள் செல்லாயி. அவள் குரலில் இருந்த கவலை நரியைப் பற்றியதல்ல.

"ரெண்டு. ஒரே ஸ்லைடில் முன்னும் பின்னுமாக. ஒன்று நரிக்கு, ஒன்று உனக்கு."

"நாளைக்கு ஒரு காலைதான்," என்றார் கருப்பையா. "மனுசச் சத்தம் கேட்டுருச்சு. நாளை ராத்திரி குட்டியக் கவ்விக்கிட்டு வேற பொந்துக்குப் போயிரும்."

செல்லாயிதான் வழி கண்டுபிடித்தாள். மறுநாள் புறப்படும்போது ஒரு கவுளி வெற்றிலையில் பாதியைச் சுருட்டிப் பாக்கோடு என் வாயில் அடைக்கச் சொன்னாள். ஒரு கன்னத்தில் வெற்றிலை, மறு கன்னத்தில் வெற்றிலை, நடுவில் நாக்குக்கு இடமில்லை. "இப்பப் பேசுங்க பாப்போம்" என்றாள். நான் பேசினேன். குழந்தை சிரித்தது. போதும் என்று முடிவாயிற்று.

குழியில் அன்று எல்லாம் நடக்கவேண்டியபடி நடந்தது. தாய் வந்தது, படுத்தது, குட்டிகள் முட்டின. மூடியைக் கழற்றினேன். வாய்க்குள் ஒரு பிரசங்கமே நடந்தது. வெளியே ஒன்றும் வரவில்லை. மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு எண்ணி மூடியைப் போட்டேன். இருபது வருஷத்தில் நான் சத்தமில்லாமல் எடுத்த முதல் படம். தாய் நேராக என் பக்கம் பார்த்திருந்தது. அதை நான் பார்த்தேன். ஸ்லைடை வெளியே உருவினேன். இனிச் சாக்குக் கட்டியால் கோடு போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது காற்று திரும்பியது. கறுப்புத் துணியில் கட்டுமாவடிக் கருவாடு மணத்துக்கொண்டிருந்ததை நான் மறந்திருந்தேன், நரி மறக்கவில்லை. எழுந்து, மூக்கைத் தூக்கி, என்னை நோக்கி நடந்து வந்தது. அவசரம் இல்லாத நடை. கடன் கேட்க வருகிறவர் நடை. நரி மனிதனைக் கடிக்குமா என்று கருப்பையாவைக் கேட்கலாம் என்றால் வாயில் வெற்றிலை. ஒரு கையில் கேமரா, மறு கையில் ஸ்லைடு, தோளில் நரிக்கு வேண்டிய துணி; முந்திரிக் காட்டில் நான் ஓடினேன். முட்டி சிராய்த்தது, ஒரு செருப்பு போயிற்று, ஸ்லைடு இரண்டு தடவை கீழே விழுந்து இரண்டு தடவையும் உடையாமல் என்னிடம் திரும்பி வந்தது.

கருப்பையா நிதானமாகப் பின்னால் வந்தார், கையில் என் செருப்போடு. "அது துணிய மோந்து பாத்துட்டுப் போயிருக்கும்யா. நீங்க ஓடுனதப் பாத்துட்டு அதுதான் பயந்து போயிருச்சு."

வீட்டுக் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு ஸ்லைடைப் பார்த்தேன். முன்பக்கத்தில் கோடு இல்லை. பின்பக்கத்திலும் கோடு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று, ஒன்றும் அறியாத முகத்தோடு இருந்தன. ஒன்றில் நரி இருக்கிறது. ஒன்று காலி. எந்தப் பக்கத்தை நரிக்குத் திருப்பி வைத்தேன் என்பது ஓடிய ஓட்டத்தில் மறந்துவிட்டது. எது என்று திறந்து பார்த்தால் வெளிச்சம் பட்டு இரண்டும் போய்விடும்.

வாசலில் செல்லாயி தயாராக நின்றாள். தலையில் எண்ணெய், பிள்ளை கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, உடம்பில் சிவப்புப் பட்டுச் சேலை. அவன் கப்பலேறுவதற்கு முன் வாங்கிக் கொடுத்தது.

"சிவப்பு வேண்டாமே," என்றேன். கொஞ்சம் நேரம் கிடைத்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். "எங்கள் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. கறுப்பாக விழும்."

அவள் சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கறுப்பா விழுந்தா என்ன? அது செவப்புன்னு அவுகளுக்குத் தெரியும்ல."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "பரவால்லண்ணே, நரியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சேலையை மடித்து வைக்கப் போய்விடுவாள். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. நரியிடம் ஓடியவனுக்கு எங்கே இருக்கும்? கிணற்றுக்குப் பின்னால் போய் அம்மன் காசை எடுத்தேன். அம்மன் விழுந்தால் முன்பக்கம், எழுத்து விழுந்தால் பின்பக்கம். சுண்டினேன். அம்மன்.

கறுப்புக் கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டு அவளைப் பெஞ்சியில் உட்காரவைத்தேன். "என்னய்யா இப்பிடி வேர்க்குது?" என்றார் கருப்பையா. "தங்கச்சி கடிக்காதுய்யா." நான் உரக்க, ஆசை தீர, "அசையாதீங்க, இங்கே பாருங்க, ரெடி" என்றேன். அவள் அசையவில்லை. பிள்ளைகூட அசையவில்லை. அப்படி ஒரு படம் வாழ்க்கையில் ஒன்றோ இரண்டோதான் அமையும்.

திருச்சிக்கு வந்த இரவே இருட்டறையில் கழுவினேன். பின்பக்கத் தகடு வெறும் கண்ணாடி. முன்பக்கத் தகட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

அம்மனைக் குற்றம் சொல்லமாட்டேன். நான் அந்நியச் சீமைக்காரன். என் வேண்டுதலை அவள் எதற்காகக் கேட்கவேண்டும்? அச்சுப் போட்டுப் பார்த்தேன். செல்லாயி முகம் தெளிவு. பிள்ளை முகம் அதைவிடத் தெளிவு, மைப்பொட்டுகூடத் தெரிகிறது. சிவப்புச் சேலை நான் சொன்னபடி கறுப்பாக விழுந்திருந்தது. செம்புறாங்கல்லும் சிவப்பு, அதுவும் கறுப்பு. அந்தக் கறுப்பும் இந்தக் கறுப்பும் தையல் தெரியாமல் சேர்ந்துகொள்ள, அவள் மடியிலிருந்து காலடி வரைக்கும் தாய் நரி ஒருக்களித்துப் படுத்திருந்தது. மூன்று குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. இரண்டு தாய்களும் ஒரே திசையில், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நரியைச் சுரண்டி எடுத்துவிடலாமா என்று கத்தியைத் தீட்டினேன். நரியின் காது பிள்ளையின் பாதத்தில் இருந்தது. காதை எடுத்தால் பாதம் போகும். கத்தியைக் கீழே வைத்தேன். மூன்று நாள் அந்த மேஜைப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் இரண்டு அச்சுப் போட்டு, நடந்ததையெல்லாம் கோடு, காசு உள்பட எழுதி, மன்னிப்புக் கேட்டுச் செல்லாயிக்கு அனுப்பினேன். ஆசிரியருக்கு ஒரு பிரதி. அவர், "தந்திரப் படங்கள் நம் பத்திரிகைக்கு ஒவ்வா" என்று திருப்பி அனுப்பிவிட்டு, நான்கு பக்கத்திலும் கூந்தல் தைல விளம்பரம் போட்டுக்கொண்டார்.

செல்லாயியிடமிருந்து பதிலே இல்லை. சித்திரை போயிற்று. வைகாசி போயிற்று. தபால்காரர் வாசலில் நிற்கும்போதெல்லாம் நான் இருட்டறைக்குள் போய்விடுவேன். ஆனி பிறந்து ஒரு கடிதம் வந்தது. அவள் கையெழுத்து. அப்படியே கொடுக்கிறேன்.

"அண்ணனுக்கு செல்லாயி எழுதுவது. போட்டா வந்துச்சு. மொதல்ல பாத்துட்டு அழுதேன். எங்க அண்ணன் பாத்துட்டு, புள்ளை தெனமும் நரி மொகத்துல முழிக்கிறான், நல்லதுதானேன்னு சொல்லுச்சு. வேற போட்டாவும் இல்லை. அதனால அதையே பினாங்குக்கு அனுப்புனேன். அவுக பதில் போட்டுருக்காக. பையன் காது என் காது மாதிரி இருக்குன்னு நாலு எடத்துல எழுதிருக்காக. செவப்புச் சேலை நல்லாருக்குன்னும் எழுதிருக்காக. அப்புறம், நாயி யாரு குடுத்தது, மொறைக்கிறதப் பாத்தா நல்ல காவலா இருக்கும், ஆனா மூணு குட்டிக்கும் யாரு சோறு போடுறது, ஒண்ண வச்சுக்கிட்டு ரெண்ட என் அக்கா வீட்டுக்குக் குடுத்துருன்னு எழுதிருக்காக. அது நாயின்னு நெனச்சுக்கிட்டாக.

இத அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டுனேன். ஆமா நாயிதான்னு எழுதிப்புடு, நரின்னு தெரிஞ்சா மச்சான் பதறிப்போயி அடுத்த கப்பல்லயே ஏறி வந்துருவாருன்னு அண்ணன் சொல்லுச்சு.

அதனால நரின்னுதான் எழுதியிருக்கேன்."